பயணத் திட்டத்தில் அச்சடித்த தீவில் ஏன் இறங்க முடியவில்லை? பிரிட்டனைச் சுற்றும் சிறு கப்பல் பயணம்: ஓர் எளிய விளக்கம்

பிரிட்டன் கரையோரமாகச் சிறு கப்பலில் போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் குறை காதில் விழாமல் இருக்காது. பயணத் திட்டத்தில் ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் தனித்திருக்கும் செயின்ட் கில்டா தீவு என்று போட்டிருந்தார்கள், கடைசியில் அந்தப் பக்கமே போகவில்லை. வானிலை சரியில்லை என்றார்கள், ஆனால் வெயில் பளீரென்று அடித்தது, மழை ஒரு சொட்டுக்கூட இல்லை. இவ்வளவு பணம் கட்டி ஏமாந்துவிட்டோம் என்று அந்தப் பேச்சு முடியும்.

ஏமாற்றம் நியாயமானதுதான். ஆனால் அதிலிருந்து வரும் கோபம், கடல் எப்படி இயங்குகிறது என்று யாரும் முன்பே எடுத்துச் சொல்லாததால் வந்தது. பெரிய துறைமுகங்களுக்கு மட்டும் போகும் சொகுசுக் கப்பலுக்கு அட்டவணை ஏறக்குறைய உறுதியானது. பிரிட்டன் தீவுகளைச் சுற்றும் சிறு கப்பலுக்கோ அது ஒரு விருப்பப் பட்டியல். எந்தத் தீவு, எத்தனை மணிக்கு, தீவின் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் ஓதம், காற்று, தொலைவிலிருந்து வரும் அலை ஆகிய மூன்றையும் பார்த்துக் கேப்டன் அன்றன்று முடிவு செய்கிறார். மழைக்கு இதில் பெரிய பங்கில்லை. கடலைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பதிவு செய்பவர்களை மனதில் வைத்து இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சிறு கப்பல் என்றால் எவ்வளவு சிறிது?

கறாரான வரையறை கிடையாது. ஏறத்தாழ 50 பேரிலிருந்து 200 பேர் வரை ஏற்றும் கப்பல்களைச் சிறு கப்பல் என்கிறார்கள். ஹெப்ரிடியன் பிரின்சஸ் நல்ல உதாரணம். சுமார் 50 பயணிகள்தான். 1964-ல் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குக் கார்களையும் ஆட்களையும் ஏற்றிப்போகும் ஃபெரியாகக் கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் கொலம்பா. 1989-ல் பயணக் கப்பலாக மாற்றினார்கள். 2006-ல் இரண்டாம் எலிசபெத் ராணி தன் 80-வது பிறந்தநாள் ஆண்டில் குடும்பத்தோடு போக முழுக் கப்பலையும் வாடகைக்கு எடுத்தார். இன்னொரு பக்கம், ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஓர்க்னித் தீவுகளின் கிர்க்வால் துறைமுகத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆட்களை ஏற்றிவரும் கப்பல்களும் வருகின்றன. இரண்டுக்கும் ‘குரூஸ்’ என்று ஒரே பெயர். குழப்பத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கப்பலின் அடிப்பாகம் நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு அமிழ்வு என்று பெயர். பெரிய பயணக் கப்பலுக்கு இது எட்டு மீட்டர் அளவில் இருக்கும். சிறு கப்பலுக்கு அதில் ஏறத்தாழ பாதியோ அதற்கும் குறைவோதான். அதனால்தான் ஸ்காட்லாந்தின் மல் தீவிலுள்ள டோபர்மோரி போன்ற சிறு ஊர்களை ஒட்டி அதனால் நிற்க முடிகிறது. தீவுகளுக்கு நடுவே இருக்கும் குறுகலான நீர்வழிகளில் நுழைய முடிகிறது. படகுத்துறையே இல்லாத விரிகுடாவில் நங்கூரம் போட முடிகிறது. ஐம்பது பேர் என்றால் ரப்பர் படகுகளில் எல்லாரையும் ஒரு மணி நேரத்துக்குள் கரையேற்றிவிடலாம். மூவாயிரம் பேரோடு அதை யோசிக்கவே முடியாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சிறு கப்பல் அதிகம் ஆடும். ஆட்டத்தைக் குறைக்க அடியில் துடுப்பு மாதிரி தகடுகள் இருக்கும் என்றாலும் பெரும்பாலும் கப்பல் ஓடும்போதுதான் அவற்றால் பயன். நங்கூரம் போட்டு நிற்கும்போது கடல் ஆட்டுகிறபடி ஆட வேண்டியதுதான். குமட்டல் உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஓதம்: தண்ணீர் ஏறி இறங்குவது மட்டுமில்லை

சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதால் கடல்மட்டம் ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்கிறோம். பள்ளியில் படித்ததுதான். ஆனால் நம் ஊர்க் கடலை மட்டும் பார்த்தவர்களுக்கு அதன் பலம் தெரிய வாய்ப்பில்லை. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம், அதாவது ஓத வீச்சு, பெரிய நாட்களில்கூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். ஆழக்கடலில் அதைவிடக் குறைவு. பிரிட்டனில் மட்டும் அது ஏன் பூதாகரமாக வளர்கிறது?

அகன்ற அண்டாவில் தண்ணீர் நிறைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு விளிம்பில் தண்ணீர் ஏறும்போது எதிர் விளிம்பில் இறங்கும். நடுவில் மட்டம் அவ்வளவாக மாறாது. நடக்கிற தாளமும் தண்ணீர் தானாக ஆடும் தாளமும் ஒத்துப்போய்விட்டால், மெதுவாக நடந்தாலும் விளிம்பில் தளும்பிக் கொட்டும்.

பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் அப்படித்தான் ஆடுகிறது. அந்த நாடு உட்கார்ந்திருப்பது கண்டத்திட்டின் மேல், அதாவது பெரும்பாலும் 200 மீட்டருக்கும் குறைவான ஆழமுள்ள கடலடி மேடையின் மேல். அட்லாண்டிக்கிலிருந்து 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் ஓத அலை இந்த மேடையில் ஏறியதும் வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவிலுள்ள பிரிஸ்டல் சேனலில் அது கூம்பாகக் குறுகும் கரைகளுக்குள் நெருக்கப்படுகிறது. அதோடு அந்த நீர்ப்பரப்பு தானாக ஆடும் தாளமும் ஓதத்தின் தாளத்துக்கு நெருக்கமாக அமைந்துவிட்டது. அண்டா தளும்பும் கதைதான். அங்குள்ள எவன்மத் துறைமுகத்தருகே ஓத வீச்சு 14 மீட்டர் வரை போகிறது. உலகின் மிகப் பெரிய ஓதங்களில் ஒன்று அது. பிரான்ஸ் கரையருகே உள்ள ஜெர்சித் தீவில் 12 மீட்டர் அளவுக்கு வரும். அதே கடலில், ஸ்காட்லாந்தின் இஸ்லே தீவிலுள்ள போர்ட் எலனில் பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட வராது. அண்டாவின் நடுப்பகுதி போல மட்டம் அசையாத இடத்துக்குப் பக்கத்தில் அந்த ஊர் இருக்கிறது.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிச் சந்திரனும் சூரியனும் சேர்ந்து இழுப்பதால் வருவது பெரு ஓதம். அரைநிலா நாட்களை ஒட்டி வருவது சிறு ஓதம். தினமும் ஏற்ற நேரம் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் நிறைந்திருந்த துறையில், அந்த வாரக் கடைசியில் அதே நேரத்துக்குச் சேறுதான் தெரியும்.

இதைக் கண்ணால் பார்க்கச் சில்லித் தீவுகள் போல இன்னொரு இடம் இல்லை. கார்ன்வால் முனைக்கு அப்பால் சுமார் 45 கிலோமீட்டரில், ஆட்கள் வசிக்கும் ஐந்து தீவுகள். நடுவில் இருப்பது ஆழமே இல்லாத வெள்ளை மணல் கடல். டிரெஸ்கோ தீவுக்குப் போகும் படகு தண்ணீர் நிறைந்திருந்தால் நியூ கிரிம்ஸ்பி துறைக்கு வரும். வற்றியிருந்தால் தீவின் தென்கோடியிலுள்ள கார்ன் நியர் துறைக்கு வரும். காலையில் இறங்கிய துறையிலேயே மாலையில் ஏறுவோம் என்று நினைத்து நின்றால் படகைத் தவறவிட வேண்டியதுதான். மிகப் பெரிய ஓதம் வற்றும் நாட்களில் டிரெஸ்கோவுக்கும் பக்கத்துத் தீவான பிரையருக்கும் நடுவே ஆட்கள் நடந்தே போய்விடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கப்பல் எங்கே நங்கூரம் போடும், படகு எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதெல்லாம் ஓத அட்டவணையைப் பார்த்துப் போடுகிற கணக்கு.

இதுவரை பார்த்தது: ஓதம் பிரிட்டனில் எல்லா இடத்திலும் ஒரே அளவும் இல்லை, ஒரே நேரத்தில் வருவதும் இல்லை. இந்த நேர வித்தியாசத்திலிருந்துதான் அடுத்த விஷயம் பிறக்கிறது.

இடுக்குகளில் ஓடும் கடல்

ஓத அலை அட்லாண்டிக்கிலிருந்து வந்து, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையேறி, வடக்கே வளைந்து, பிறகு கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்குகிறது. ஓர்க்னிக்கு மேற்கே தண்ணீர் உயர்ந்திருக்கும் நேரத்தில் கிழக்கே இன்னும் உயர்ந்திருக்காது. உயரத்திலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது தண்ணீரின் குணம். ஓர்க்னிக்கும் ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக்கும் நடுவில் இருப்பது பென்ட்லண்ட் நீரிணை என்ற இடுக்கு. அதன் வழியாகக் கடல் ஆறாக ஓடுகிறது, சில மணி நேரத்தில் திசை மாறித் திரும்ப ஓடுகிறது. வேகம் சில இடங்களில் 12 நாட் (knot) வரைகூடப் போகும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், 1.85 கிலோமீட்டர். பல சிறு கப்பல்களின் சாதாரண ஓட்டமே அந்த 12 நாட் அளவுதான். எதிர்நீரில் மாட்டினால் எஞ்சின் முழுமூச்சில் ஓடியும் கரை நகராது. இந்த வேகத்திலிருந்து மின்சாரம் எடுக்கக் கடலடியில் சுழலிகளையே நிறுத்தியிருக்கிறார்கள்.

ஜூரா, ஸ்கார்பா என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவிலுள்ள கோரிவ்ரெக்கன் இன்னும் தீவிரமானது. ஏற்ற நேரத்தில் தண்ணீர் கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. வழியில் கடலடியிலிருந்து ஒரு பாறைக் கொம்பு எழுந்து, மேற்பரப்புக்குக் கீழே சுமார் 29 மீட்டரில் நிற்கிறது. ஓடிவரும் நீர் அதில் மோதி மேலே புரண்டு சுழல்கிறது. அந்த நேரத்தில் மேற்கிலிருந்து அட்லாண்டிக் அலையும் எதிரே வந்தால் சுழலோடு நிற்கும் அலைகளும் சேர்ந்துகொள்ளும். அப்போது எழும் இரைச்சல் பல கிலோமீட்டர் தள்ளிக் கேட்கும்.

காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக வந்தால் எங்கேயுமே இதுதான் நடக்கும். அலைகள் நெருங்கி, குறுகி, செங்குத்தாக எழும். இரண்டும் ஒரே திசையில் போனால் அதே காற்றில் கடல் படிந்து கிடக்கும். ஒரே இடம், ஒரே காற்று, ஆறு மணி நேர வித்தியாசம். கடல் அடையாளமே தெரியாமல் மாறியிருக்கும்.

நீரோட்டம் திசை மாறுவதற்கு முன் சிறிது நேரம் கடல் அசையாமல் நிற்கும். அதற்கு நீர்நிலை நேரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கேப்டன் இந்த இடுக்குகளைக் கடக்கத் தேடுவது அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான், அல்லது நீரும் காற்றும் ஒரே பக்கம் போகும் நேரத்தை. விடியற்காலை நாலரைக்குக் கப்பல் கிளம்புவதும், மதியச் சாப்பாட்டை அவசரமாக முடிக்கச் சொல்வதும், நல்ல தீவை விட்டு ஒரு மணி நேரம் முன்பே கூப்பிடுவதும் இதனால்தான். எதற்கு இந்த அவசரம் என்று தோன்றினால் கப்பலின் மேல்தட்டுக்குப் போய்க் கடலைப் பாருங்கள். நீரோட்டம் புள்ளிபுள்ளியாகக் கொதிப்பதும், பக்கத்திலேயே எண்ணெய் ஊற்றினாற்போல் வழவழப்பான திட்டுகள் தெரிவதும் அங்கே புரியும். இந்தப் பயணங்களில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

வெயிலடிக்கும் நாளில் ஏன் இறங்க முடியாது?

காற்று இரண்டு வகையில் கடலைக் கிளப்புகிறது. இங்கேயே, இப்போதே அடிக்கும் காற்று எழுப்புவது காற்றலை. காற்று நின்றால் அதுவும் சீக்கிரம் அடங்கிவிடும். இன்னொன்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நடு அட்லாண்டிக்கில் அடித்த புயல் அனுப்பிய நீண்ட அலை. கப்பல்காரர்கள் இதை ஸ்வெல் என்பார்கள். புயல் ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கழித்து, காற்றே இல்லாத வெயில் நாளில் அது ஸ்காட்லாந்தின் மேற்கிலுள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளின் கரைக்கு வந்துசேரும். ஆழத்தில் இருக்கும்போது கப்பலை மெதுவாகத் தூக்கி இறக்குமே தவிர வேறொன்றும் செய்யாது. கரையை நெருங்கி ஆழம் குறைந்ததும் எழுந்து உடையும். கன்னியாகுமரிக் கரையில் கள்ளக்கடல் என்று எச்சரிக்கை கொடுப்பதும் இந்த வகை அலைக்குத்தான்.

ஹெப்ரிடீஸில் உள்ள ஸ்டாஃபா தீவின் தென்முனையில் அறுகோணக் கருங்கல் தூண்களால் ஆன ஃபிங்கல் குகை இருக்கிறது. எரிமலைக் குழம்பு ஆறும்போது சீராக வெடித்து உருவான தூண்கள் அவை. தென்மேற்கிலிருந்து ஸ்வெல் வந்தால் குகைக்குள் கடல் ஏறி இறங்கும். படகு உள்ளே போக வழியில்லை. வானம் நீலமாக இருக்கலாம், கேமராவும் தயாராக இருக்கலாம், ஆனாலும் தள்ளி நின்று பார்க்க வேண்டியதுதான்.

காற்றின் திசை, வேகத்தைவிட முக்கியம். தீவின் எந்தப் பக்கத்தில் காற்று படாதோ அதைக் காற்றொதுக்கு என்று சொல்லலாம். மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று அடித்தால் தீவின் கிழக்குப் பக்கம் ஒதுக்கு. இப்போது செயின்ட் கில்டாவுக்கு வருவோம். வெளி ஹெப்ரிடீஸுக்கும் மேற்கே சுமார் 64 கிலோமீட்டரில், திறந்த அட்லாண்டிக்கில் இருக்கும் தீவுக்கூட்டம் அது. ஹிர்தா என்ற முக்கியத் தீவில் கடைசியாக மிஞ்சிய 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று தாங்களே கேட்டுக்கொண்டபடி வெளியேற்றப்பட்டார்கள். கற்சுவர் வீடுகளின் ஒற்றைத் தெரு இன்றும் நிற்கிறது. இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று. இறங்குவதற்கென்று இருப்பது கிராமத்துக்கு முன்னாலுள்ள ஒரே விரிகுடா. அது தென்கிழக்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மேல்காற்று பலமாக அடித்தாலும் அங்கே ஒதுங்கலாம். தென்கிழக்கிலிருந்து நடுத்தரக் காற்று அடித்தாலே விரிகுடாவுக்குள் அலை நேராக வந்துவிழும்; நங்கூரம் பிடிக்காது, படகு இறக்க முடியாது, இறங்க வேறு துறையும் இல்லை. ஏழெட்டு மணி நேரம் ஓடிப்போய்த் திரும்பி வருவதைவிடக் காற்றொதுக்கான வேறொரு தீவுக்குப் போவதே சரி என்று கேப்டன் முந்தைய இரவே முடிவெடுப்பது இதனால்தான். அந்த மக்கள் ஏன் தீவை விட்டார்கள் என்பதற்கும் இந்தக் காற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மாதக்கணக்கில் படகு வராமல் நோயோடும் பசியோடும் இருந்தவர்கள் அவர்கள்.

இந்தக் காற்றுக் கணக்கை எல்லாரும் கேட்கும்படி அறிவிக்கும் வழக்கம் பிரிட்டனில் பழையது. 1859-ல் வேல்ஸின் ஆங்கிள்சீ தீவருகே ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் உடைந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வானிலைத் துறையைத் தொடங்கி நடத்திவந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய் அதன்பிறகுதான் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். இன்று பிபிசி ரேடியோ 4-ல் வாசிக்கப்படும் கடல் முன்னறிவிப்பு, சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் காற்றின் திசை, வேகம், கடலின் நிலை என்று சொல்லும். அதில் ஒரு பகுதிக்கு 2002-ல் ஃபிட்ஸ்ராய் பெயரையே வைத்தார்கள். பயணத்துக்கு முன் ஒரு வாரம் ‘ஹெப்ரிடீஸ்’, ‘ஃபேர் ஐல்’ பகுதிகளின் அறிவிப்பைக் கேட்டுவந்தால், கப்பலில் கேப்டன் பேசுவது தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

சுருக்கமாகச் சொன்னால்: மழை வேறு, கடல் வேறு. கரையேற முடியுமா என்பதை ஸ்வெல்லும் காற்றின் திசையும், அந்தத் தீவின் துறை எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

ரப்பர் படகில் ஏறும் அந்தச் சில வினாடிகள்

கரையேற்றும் காற்றடைத்த ரப்பர் படகை ஸோடியாக் என்கிறார்கள். பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர் பொதுப்பெயராகிவிட்டது. ஏறுமிடம் கப்பலின் பக்கவாட்டில் நீரை ஒட்டிய சிறு மேடை. கப்பல் அசைவது ஒரு தாளம், படகு அசைவது இன்னொரு தாளம். படகு மேடைக்குச் சமமாக வரும், அடுத்த நொடி ஒரு மீட்டர் கீழே போகும். மாலுமி உங்கள் கையைப் பிடிக்க மாட்டார்; நீங்கள் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும், அவர் உங்களுடையதைப் பிடிப்பார். ஈரக் கை வழுக்கினாலும் அந்தப் பிடி விடாது. இன்னொரு கை காலியாக இருக்க வேண்டும், கேமரா பைக்குள். படகு மேலே வரும் நொடியில் அவர் சொல்வார், அப்போதுதான் கால் வைக்க வேண்டும். பிறகு உடனே உட்கார்ந்து, உருளையின் மேல் நகர்ந்து இடம் விட வேண்டும்.

கரையில் துறை இல்லையென்றால் படகின் மூக்கு மணலில் முட்டும். காலைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் எதற்கு என்று அப்போது தெரியும். மேடையில் படகு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் இறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். வயதானவர்கள் நிறையப் பேர் வரும் பயணம் இது. அந்த மேடையில் நிற்கும் மாலுமி “இன்று வேண்டாம்” என்றால் அவர்மேல் எனக்கு மரியாதைதான் கூடுகிறது.

பறவைகளுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு

பஃபின் பார்க்கவே பலர் போகிறார்கள். ஏப்ரலில் வந்து, நிலத்தில் வளை தோண்டிக் குஞ்சு பொரித்து, ஜூலைக் கடைசிக்குள் பெரும்பாலும் கடலுக்குப் போய்விடும் பறவை அது. ஆகஸ்ட் பாதியில் போய்த் தேடிப் பயனில்லை. மே, ஜூன் மாதங்களில் ஸ்காட்லாந்தின் வடகோடித் தீவுகளான ஷெட்லாந்தில் இரவு முழுதாக இருட்டுவதும் கிடையாது.

எலி கால் வைத்தால் வளைகளில் முட்டையிடும் பறவைகள் அழிந்துபோகும். அதனால் சில தீவுகளில் இறங்குமுன் பையையும் பூட்ஸையும் சோதிப்பார்கள். லண்டித் தீவில் எலிகளை ஒழித்த பிறகுதான் பஃபின்கள் திரும்பப் பெருகின. 2022-ல் பறவைக் காய்ச்சல் பரவியபோது ஸ்காட்லாந்தின் பல தீவுகளில் இறங்கவே தடை போட்டார்கள். அப்படி ஒரு தடை வந்தால் கடல் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் படகிலிருந்தே பார்க்க வேண்டும்.

பதிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை

ஒரே ஒரு தீவுக்காக இந்தப் பயணத்தைப் பதிவு செய்யாதீர்கள், முக்கியமாகச் செயின்ட் கில்டாவுக்காக. அது கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்குப் பதில், இறங்க முடியாத நாளுக்கு என்ன மாற்றுத் திட்டம் வைத்திருப்பார்கள், கப்பலில் எத்தனை ஸோடியாக் இருக்கின்றன, ஒரே நேரத்தில் எல்லாரும் இறங்கலாமா, பறவையும் நிலமும் தெரிந்த வழிகாட்டிகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதிலைக் கேட்டதுமே கப்பலின் தரம் பிடிபட்டுவிடும்.

விசா விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். முழுச் சுற்றுப் பயணங்கள் பலவும் அயர்லாந்துக் கரையைத் தொடும். அது தனி நாடு. ஐல் ஆஃப் மேனும் சேனல் தீவுகளும்கூட ஐக்கிய இராச்சியத்துக்குள் சேராத, தனி நிர்வாகமுள்ள பகுதிகள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்தையும் எழுதிவைத்துக்கொண்டு, எதற்கெல்லாம் அனுமதி தேவை என்று கப்பல் நிறுவனத்திடமும் தூதரகத்திடமும் முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும். காற்று திசை மாறி, திட்டத்தில் இல்லாத ஒரு துறைக்குப் போக நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.